தெரியாத கேள்வி வந்தா யாரைக் கேட்கணும்?

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூத்தவள் கேட்டாள்: "அம்மா, அங்கே தெரியாத கேள்வி வந்தா யாரைக் கேட்கணும்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தோப்புக்குள் இருக்கும் எங்கள் வீட்டில்தான் அவளுடைய மொத்தப் படிப்பும் நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. தெரியாவிட்டால் கேட்பதுதான் அவளைப் பொறுத்தவரை படிப்பு. அப்பாவைக் கேட்பாள், அகராதியைப் புரட்டுவாள், மோட்டார் பழுது பார்க்க வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து அரை மணி நேரம் துளைப்பாள். கேட்டால் குற்றம் என்று ஓர் இடம் இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

"யாரையும் கேட்கக் கூடாது கண்ணு. உனக்குத் தெரிஞ்சதை எழுதிட்டு வரணும்."

"கேள்வி எழுதினவங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுட்டே எதுக்குக் கேட்கறாங்க?"

அன்றைக்கே இதை உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த அக்டோபர் வேறு மாதிரி போயிருக்கும். எனக்கு அப்போது ஹால் டிக்கெட், தேர்வு மையத்துக்குப் போகும் வழி, மதியச் சாப்பாடு, இவைதான் கவலை.

வீட்டுக் கல்வியில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற பலரும் போகும் வழி என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தொடங்கியது, மத்திய அரசுடையது. பதினான்கு வயது நிறைந்திருந்தால் பத்தாவதில் சேரலாம். ஐந்து பாடம் போதும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். ஏப்ரல், மே ஒரு முறை, அக்டோபர், நவம்பர் ஒரு முறை என்று வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வுகள். சேர்க்கை ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்தும் எழுதலாம்.

பிரித்து எழுதலாம் என்று தெரிந்ததும் நான் செய்த காரியம்: கணிதத்தையும் அறிவியலையும் முதலில் வைத்தேன். கஷ்டமானதை முதலில் முடித்துவிட்டால் மீதி சுலபம் என்று கணக்குப் போட்டேன். அவளுக்கும் கணிதம் பிடிக்கும். அப்புறம் என்ன பயம் என்றுதான் நினைத்தேன்.

தேர்வு மதியம் இரண்டரை மணிக்கு. மையம் கோவையில். அந்த ஊர் அவளுக்குப் புதிதில்லை, ஆனால் அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் தனியாகப் போனது கிடையாது. பையை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள். கையில் அட்டை, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. பேருந்து ஏறும்வரை ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவதோ நான்காவதோ ஒரு கணக்கு வரவில்லை. அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது ஐம்பது நிமிடம் போயிருந்தது. மற்றவர்கள் எழுந்து அடிஷனல் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு தெரிந்த கணக்கும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். "எழுத்தெல்லாம் நீந்திச்சும்மா" என்றாள்.

ஒரு கணக்கை ஏன் ஐம்பது நிமிடம் கட்டிக்கொண்டு அழுதாள்? நாங்கள் பழக்கியதே அப்படித்தான். ஒரு வடிவியல் கணக்கை மூன்று நாள் மனதிலேயே வைத்திருந்து, நான்காம் நாள் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது "வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவள் அவள். அதை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்று ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

அன்று பேருந்தில் என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தது. "இதுக்குத்தான் எல்லாரும் ஸ்கூல்ல போடுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டாங்க." யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டது போல. அவளுக்குக் கேட்டது. கிணத்துக்கடவு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறிவியல் தேர்வன்று காலையில் வாந்தி. காய்ச்சல் இல்லை, சாப்பாட்டிலும் கோளாறு இல்லை. பத்து மணிக்கு, போக வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சொன்ன அரை மணி நேரத்தில் வயிறு சரியாகிவிட்டது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. நடிப்பு என்று நினைத்தேன். பயம் வயிற்றில் நிஜமாகவே வேலை செய்யும் என்பதும், போக வேண்டாம் என்றதும் குறைவதுதான் அதன் இயல்பு என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று வீட்டில் இருக்கச் சொன்னது அவளுக்கு நிம்மதி கொடுத்தது, ஆனால் அடுத்த பரீட்சையின் பயத்தை இரட்டிப்பாக்கியது. தப்பித்த இடத்துக்குத் திரும்பிப் போவது முதல் முறை போவதைவிடக் கஷ்டம்.

டிசம்பரில் முடிவு வந்தது. கணிதத்தில் 33 எட்டவில்லை.

என் அம்மா, பிள்ளைகளுக்கு அம்மாயி, மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர்தான் சரியாகச் சொன்னார். "அரிசி வீட்டுல மூட்டை மூட்டையா இருக்குது. படியில அளந்து குடுக்கத்தான் புள்ளைக்குப் பழக்கமில்ல."

அளப்பது என்பது தனி வேலை. பள்ளிப் பிள்ளைகள் அதை ஆறு வயதிலிருந்து செய்கிறார்கள். வகுப்புத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று பத்தாவது வருவதற்குள் எத்தனை முறை மணி அடித்து, தாள் வாங்கி, நூல் கட்டிக் கொடுத்திருப்பார்கள்! அதில் பாதி அவர்களுக்கே தெரியாமல் கைக்கு வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைக்கு எல்லாமே ஒரே மதியத்தில் முதல் முறை. பாடத்தில் அவளுக்குக் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால் ஏப்ரல் வரைக்கும் கணிதத்தை அதிகமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, பரீட்சையைச் சொல்லிக் கொடுத்தோம்.

முதலில் வினாத்தாளின் முதல் பக்கம். பழைய வினாத்தாள்கள் என்ஐஓஎஸ் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அக்டோபருக்கு முன்னால் நாங்கள் கேள்விகளை மட்டும்தான் பார்த்தோம், முதல் பக்கத்து அறிவுரைகளை யாரும் படிக்கவில்லை. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தபோதுதான் எத்தனை விஷயம் அதில் இருக்கிறது என்று தெரிந்தது. தாளை 2.15க்கே கொடுத்துவிடுவார்கள், 2.30 வரை படிக்க மட்டும்தான், பேனாவை எடுக்கக் கூடாது. தாளின் குறியீட்டு எண்ணை விடைத்தாளில் எழுத வேண்டும். பட்டியலில் இருக்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எழுதலாம், தமிழும் அதில் உண்டு, ஆனால் எந்த மொழி என்று விடைத்தாளில் குறிக்க வேண்டும். இவள் வீட்டில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுகிறவள்.

அப்புறம் ஒன்று. விடைத்தாளில் அடையாளக் குறி எதுவும் போட்டால் தகுதி போய்விடும் என்றும் அதில் இருக்கிறது. அவளுக்கு ஒரு பழக்கம், பக்கம் முடிந்தால் ஓரத்தில் ஒரு சின்னக் குருவி வரைவாள். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அக்டோபர்ல வரைஞ்சியா?" "குருவி வரையற மாதிரியா இருந்துச்சு அன்னிக்கு?" என்றாள். அந்தப் பரீட்சையைப் பற்றி அவள் முதன்முதலாகச் சிரித்துப் பேசியது அப்போதுதான்.

குருவியை நிறுத்த ஒரு மாதம் ஆனது.

அடுத்தது கை. மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதுவது உடம்பு வேலை. அவள் அதிகம் பேசிப் படித்தவள், கணினியில் தட்டியவள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து நிமிடத்தில் விரல் வலிக்கிறது என்றாள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போனோம். ஜனவரியில் ஒரு மணி, மார்ச்சில் மூன்று மணி. பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் பாதி வலி. கொஞ்சம் தடிமனான பால்பாயின்ட் பேனா மாற்றியதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் எழுத்து பின்தங்குகிறது என்று தெரிந்த நொடியில் பதற்றம் ஏறுகிறது. கை தயாராக இருந்தால் அந்த ஒரு வாசல் மூடிவிடுகிறது.

நேரமும் முக்கியம். எங்கள் வீட்டில் கணிதம் எப்போதும் காலை ஏழு மணிக்கு. தேர்வோ, சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரத்தில். பிப்ரவரியிலிருந்து கணிதத்தை மதியம் இரண்டேகாலுக்கு மாற்றினோம். சாப்பாடு ஒன்றரைக்குள், அரை வயிறு. முதல் வாரம் மேசை மேலேயே தூங்கினாள்.

வீட்டில் வைத்து மாதிரித் தேர்வு எழுதினால் பயம் வராது, பயம் வராவிட்டால் பழகவும் முடியாது. எனவே இடத்தை மாற்றினோம். முதலில் கிளை நூலகத்தின் வாசிப்பு மேசை. பிறகு எங்கள் தெரிந்தவர் ஒருவரின் தட்டச்சுப் பயிலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் அறை. சூப்பர்வைசராக, தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சிரிக்கக் கூடாது. மனிதர் அதை ரொம்பவும் சிரத்தையாக எடுத்துக்கொண்டார். பின்னால் வந்து நின்று விடைத்தாளை எட்டிப் பார்ப்பார், காலணி சத்தம் வர நடப்பார், பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவார். முதல் ஞாயிறு அவர் எட்டிப் பார்த்ததும் இவளுக்கு எழுத வரவில்லை. நான்காம் ஞாயிறு அவர் வந்து நின்றதே தெரியவில்லை என்றாள். சின்னவனையும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரையும் கூட உட்கார வைத்தோம். அவர்கள் வேலை, நடுவில் எழுந்து அடிஷனல் பேப்பர் கேட்பது.

இப்போது விட்டுவிடும் கலை. இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. மதிப்பெண் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். நான்கு மார்க் கேள்வி எட்டு நிமிடத்தில் நகரவில்லையென்றால் இரண்டு விரற்கடை இடம் விட்டு, கேள்வியின் ஓரத்தில் புள்ளி வைத்துவிட்டு அடுத்தது. படிக்கத் தரும் பதினைந்து நிமிடத்தில் கேள்விகளை மனதிலேயே மூன்றாகப் பிரித்துக்கொள்வாள்: இப்பவே, அப்புறம், நேரமிருந்தா. அழுதாள். ஒரு கணக்கைப் பாதியில் விட்டுப் போவது அவளுக்குத் துரோகம் மாதிரி இருந்தது. "விட்டுட்டுப் போகலை, வெயிட்டிங்ல உட்கார வச்சிருக்கே" என்று அவள் அப்பா சொன்னது கொஞ்சம் எடுபட்டது.

படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் செய்தோம். திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்தி, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னோம். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையைப் படித்ததுதான் காரணம். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். பயத்துக்கும் இது மருந்தாக இருந்தது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், மூடினால்தான் எது தெரியாது என்று தெரியும். அந்த அதிர்ச்சி வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னொரு ஆய்வு, 2011இல் வந்தது. ஹெரார்டோ ரமிரெஸ், சியான் பைலாக் இருவரும் செய்தது. பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் மனதில் இருக்கும் பயத்தை அப்படியே காகிதத்தில் எழுதச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் உயிரியல் இறுதித் தேர்வுக்கு முன்னாலும் இதைச் செய்து பார்த்தார்கள். அதிகம் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இது நன்றாகவே உதவியது. கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எழுதி இறக்கினால் இடம் காலியாகிறது என்பது அவர்கள் விளக்கம். சரி, காசா பணமா, செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். எழுதி முடித்ததும் கிழித்துவிடலாம், யாரும் படிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, மாதிரித் தேர்வுக்கு முன் எழுதிய தாளைக் கிழிக்காமல் என்னிடம் கொடுத்தாள். நான்கே வரி. கடைசி வரி இது: "எனக்கு மார்க் குறைஞ்சா அம்மா தப்புப் பண்ணிட்டாங்கன்னு எல்லாரும் சொல்வாங்க."

கணிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை அதில். பத்து வருடமாக எங்கள் முடிவைக் கேள்வி கேட்ட அத்தனை பேருக்கும் பதிலை அவள் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். பேருந்தில் நான் சொன்ன அந்த வாக்கியம் வேறு. அன்று ராத்திரி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பிறகு நானும் அவள் அப்பாவும் பேசி, மதிப்பெண்ணை அவளாகச் சொன்னால் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஏப்ரல் என்பது ஊரே பத்தாவது மார்க்கைப் பற்றிப் பேசும் காலம். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தால் சாம்பாருக்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிடும். "அவ பாடத்தைப் பிரிச்சு மெதுவா எழுதறா" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்கப் பழகிக்கொண்டேன்.

பாட வரிசையையும் மாற்றினோம். ஏப்ரலில் ஓவியம், தமிழ், கணிதம். அறிவியலும் ஆங்கிலமும் அக்டோபருக்கு. அவளுக்குக் கைவந்த ஓவியம் அட்டவணையில் முதலில் வந்தது அதிர்ஷ்டம். ஹாலுக்குள் போய், எழுதி, முழுதாக வெளியே வந்த அனுபவம் ஒன்று அவளுக்கு முதலில் தேவைப்பட்டது. கணிதம் முதலில் வந்திருந்தால் அது கிடைத்திருக்காது. உங்கள் பிள்ளைக்கு எது சுலபமோ அதை முதலில் வையுங்கள். என்னைப் போல் வீரம் காட்டாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், ஆறு முறை. தினம் தூங்கப் போகும்போது செய்து பழகினால்தான் ஹாலில் கைகொடுக்கும்.

இதெல்லாம் சாதாரண பயத்துக்குச் சொல்வது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை பேசினால் மாதிரித் தேர்வு வைத்துக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுக்க டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416, இரண்டிலும் கூப்பிட்டுப் பேசலாம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருந்தால் சான்றிதழோடு முன்கூட்டியே விண்ணப்பித்துக் கூடுதல் நேரம் வாங்க வழி இருக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் ஓடினால் நடக்காது.

ஓவியத் தேர்வு முடிந்து வந்தவள் பரீட்சையைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்து வரிசையில் உட்கார்ந்த ஒருவரைப் பற்றிச் சொன்னாள். நாற்பது வயது இருக்குமாம். கை நடுங்கி, வரிசை எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, வேர்த்து ஊற்றியதாம். "அவ்வளவு பெரியவங்களுக்கும் நடுங்குதும்மா." திறந்தநிலைத் தேர்வு ஹாலில் எல்லா வயதினரும் இருப்பார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள். அக்டோபரில் அவள் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தைரியசாலிகள், தனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தாள்.

கணிதத் தேர்வன்று காலையில் வயிறு கொஞ்சம் புரட்டியது. இந்த முறை யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எலுமிச்சை ஒன்றைக் கையில் கொடுத்தார் அம்மாயி. மோந்துகொண்டே பேருந்து ஏறினாள். வாசலில் "எப்படி எழுதினே" என்று கேட்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். ஐந்தரைக்கு வந்தாள். பசிக்குதா என்று மட்டும் கேட்டேன்.

"மூணு கணக்கை விட்டுட்டேன்" என்றாள். மெடல் வாங்கியவள் குரலில்.

உக்கடத்தில் பேருந்தில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, திருப்பி வைத்து, மடியில் போட்டு எழுத ஆரம்பித்தாள். விட்டு வந்ததில் ஒன்று. கேள்வி மனப்பாடமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கிணத்துக்கடவு தாண்டும்போது "வந்துருச்சு!" என்று கத்தினாள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு குருவியும் வரைந்தாள்.

தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஹால் டிக்கெட். தமிழ்ப் பரீட்சை இன்னும் பாக்கி இருந்தது. பொள்ளாச்சியில் இறங்கி, பிரவுசிங் சென்டர் மூடுவதற்குள் இன்னொரு பிரின்ட் எடுக்க இரண்டு பேரும் ஓடினோம்.